கணினி தொடங்க மறுக்கிறதா? முதலில் கோப்புகள், பிறகே கணினி

மறுநாள் காலைக்குள் பிள்ளை பள்ளி ஒப்படைப்பை அனுப்பியாக வேண்டும். இரவு பத்தரை மணிக்கு மடிக்கணினியின் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை. மறுபடியும் அழுத்தினால், தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றி அங்கேயே நின்றுவிடுகிறது.

பல வீடுகளில் இப்படியோர் இரவு வந்து போயிருக்கும். அப்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கணினி தொடங்கவில்லை என்பதால் அதிலுள்ள படங்களும் ஆவணங்களும் அழிந்துவிட்டதாகப் பொருளில்லை. சார்ஜர், நினைவகம், விண்டோஸின் ஏதோ ஒரு கோப்பு என எது கெட்டாலும் கணினி நின்றுவிடும். இவற்றில் பெரும்பாலான பழுதுகள் சொந்தக் கோப்புகளைத் தொடுவதே இல்லை.

கோப்புகள் பறிபோவது பல நேரங்களில் அதற்குப் பிறகுதான். அவசரத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் தெரிவை அழுத்திவிடுவது, கடையில் “ஃபார்மேட் செய்து கொடுங்கள்” என்று சொல்லி ஒப்படைப்பது, பழுதான வன்தட்டைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பது ஆகியவை அந்த இழப்புக்கு வழிவிடுகின்றன.

ஆகவே, கணினியைச் சரிசெய்யத் தொடங்குமுன் வேறொரு கணினியிலோ திறன்பேசியிலோ இணையச் சேமிப்பகத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. கூகல் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் ஆகியவற்றில் ஒன்றில் அந்த ஒப்படைப்பு ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் அன்றிரவின் நெருக்கடி தீர்ந்தது. கணினியை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இருக்கும் தனிநபர் கற்றல் சாதனம் என்றால், வீட்டில் எதையும் அழித்துப் பார்க்க வேண்டாம். அதில் பள்ளியின் சாதன நிர்வாக மென்பொருள் இருக்கும். பள்ளியின் தொழில்நுட்ப உதவிப் பிரிவை நாடுவதே முறை.

எந்தப் படியில் நிற்கிறது?

பொத்தானை அழுத்தியதிலிருந்து முகப்புத் திரை வரும் வரை கணினி நான்கு படிகளைக் கடக்கிறது. முதலில் மின்சாரம் வருகிறது. அடுத்து, தாய்ப்பலகையில் உள்ள அடிப்படை மென்பொருள் நினைவகம், திரை போன்ற பாகங்களைச் சோதிக்கிறது. மூன்றாவதாக, இயங்குதளம் எந்தச் சேமிப்பகத்தில் இருக்கிறது என்று தேடுகிறது. நான்காவதாக, விண்டோஸ் ஏற்றப்படுகிறது.

விளக்கே எரியாவிட்டால் சிக்கல் முதல் படியில். விளக்கு எரிந்து, மின்விசிறி சுற்றி, திரையில் ஒன்றுமே வராவிட்டால் இரண்டாவது படியில். தொடக்க வட்டு கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு வந்தால் மூன்றாவது படியில். சின்னம் தோன்றி, புள்ளிகள் சுழன்றுகொண்டே இருந்தாலோ நீலத் திரை வந்தாலோ பெரும்பாலும் நான்காவது படியில்.

திரையில் வரும் அறிவிப்பை உடனே திறன்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சரிசெய்தாலும் கடைக்குக் கொண்டுபோனாலும் அந்தப் படம் உதவும்.

விளக்கே எரியவில்லை என்றால்

முதலில் வேறு பிளக் பாயிண்டில் செருகிப் பார்க்க வேண்டும். நீட்டிப்புக் கம்பியைத் தவிர்த்து நேரடியாகச் சுவரில் செருகுவது நல்லது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பயன்படும் மூன்று முனை பிளக்கின் உள்ளே சிறிய ஃபியூஸ் ஒன்று உண்டு. அது எரிந்துபோனால் சார்ஜர் செத்ததுபோலவே தோன்றும். ஃபியூஸைத் தனியாக மாற்றக்கூடிய பிளக் என்றால் அதே ஆம்பியர் அளவுள்ள புதிய ஃபியூஸைப் போட்டுப் பார்க்கலாம்.

டைப்-சி சார்ஜர் பயன்படுத்தும் மடிக்கணினிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. திறன்பேசிக்கான 20 வாட் சார்ஜர் அதில் பொருந்தும், ஆனால் போதிய மின்சாரம் தராது. பல மடிக்கணினிகளுக்கு 45 அல்லது 65 வாட் தேவை. பேட்டரி முற்றிலும் தீர்ந்திருந்தால் சரியான சார்ஜரில் செருகி அரை மணி நேரம் விட்டுவிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் சார்ஜரையும் மற்ற எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு, மின்பொத்தானை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்கலாம். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் இணைத்துத் தொடங்கிப் பார்க்க வேண்டும். இடி மின்னலுக்குப் பிறகு நின்றுபோன கணினிகள் சில இந்த எளிய வழியிலேயே எழுந்துவிடுவதுண்டு.

மேசைக் கணினியின் பின்புறம் தனி சுவிட்ச் இருக்கும். வீட்டைத் துடைக்கும்போது கைபட்டு அது அணைந்திருக்கலாம். ஆனால் அங்குள்ள மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மடிக்கணினியின் அடிப்பகுதியோ தொடுபலகையோ மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. அதை மின்னூட்டம் செய்யவோ, அழுத்தவோ, குத்தவோ கூடாது. தீப்பிடிக்கக்கூடும் என்பதால் குப்பையிலும் போடாமல் சேவை நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

அச்சு இயந்திரம், யூஎஸ்பி விரலி, வெளிப்புற வட்டு என இணைந்துள்ள அனைத்தையும் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பார்க்க வேண்டும். மடிக்கணினி என்றால் தொலைக்காட்சியுடன் எச்டிஎம்ஐ கம்பியால் இணைக்கலாம். அதில் படம் தெரிந்தால் கணினி நலமாக இருக்கிறது, திரையில்தான் கோளாறு. கோப்புகளை அப்போதே நகலெடுத்துவிடலாம்.

தனி வரைகலை அட்டை உள்ள மேசைக் கணினியில், திரைக் கம்பியை அந்த அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகிவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கலாம். கணினியை இடம் மாற்றிய பிறகு இது அடிக்கடி நடக்கும்.

விண்டோஸ் இயங்கும் ஒலி கேட்டும் திரை மட்டும் வரவில்லை என்றால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தலாம். அது வரைகலை இயக்கியை மீண்டும் தொடங்கச் செய்யும்.

பீப் ஒலியோ விளக்குச் சிமிட்டலோ வந்தால் எத்தனை முறை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அது கணினி சொல்லும் பழுதுக் குறியீடு. ஒவ்வொரு தயாரிப்பு நிறுவனத்துக்கும் பொருள் மாறுபடும் என்பதால் அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்ப்பதே சரி. நினைவக அட்டை தளர்ந்திருப்பது ஒரு வழக்கமான காரணம். மேசைக் கணினியில் பிளக்கைக் கழற்றி, உலோகச் சட்டகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகு, அட்டையை எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்திப் பார்க்கலாம்.

தொடக்க வட்டு கிடைக்கவில்லை என்றால்

மறந்துபோய்ச் செருகிய ஒரு யூஎஸ்பி விரலிகூட இந்த அறிவிப்பை வரவழைக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

பலனில்லை என்றால், பொத்தானை அழுத்தியதும் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் செல்லலாம். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அங்குள்ள பட்டியலில் சேமிப்பகத்தின் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும், எதையும் மாற்ற வேண்டியதில்லை. பெயர் இருந்தால் சிக்கல் அநேகமாக மென்பொருளில். பெயரே இல்லையென்றால் கம்பி தளர்ந்திருக்கலாம் அல்லது சேமிப்பகம் பழுதாகியிருக்கலாம்.

நேரமும் தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையின் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 எனும் 3 வோல்ட் பேட்டரிதான் இருக்கும். பேரங்காடிகளிலேயே கிடைக்கும்.

சுழலும் வன்தட்டு உள்ள பழைய கணினியிலிருந்து ‘டக், டக்’ என்ற ஒலி வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். உள்ளே தகட்டைப் படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தகடு மேலும் சிராய்ப்படையும். அதிலுள்ள படங்கள் முக்கியம் என்றால் வட்டைச் சரிபார்க்கும் மென்பொருள் எதையும் ஓட்டாமல், தரவு மீட்பு நிபுணரிடம் நேராகக் கொண்டுசெல்வதே வழி.

சின்னம் வரை வந்து நின்றால்

திரையில் புதுப்பிப்பு நடப்பதாகச் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கக்கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் பொறுத்திருப்பது நல்லது.

உண்மையிலேயே உறைந்துவிட்டது என்றால் விண்டோஸின் மீட்புப் பக்கத்தை வரவழைக்க வேண்டும். பழைய விண்டோஸில் உதவிய எஃப்8 விசை, விண்டோஸ் 8க்குப் பிறகு வழக்கமாக வேலை செய்வதில்லை. பதிலாக, சின்னம் தோன்றியதும் மின்பொத்தானை 10 விநாடி அழுத்தி அணைக்க வேண்டும். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே மீட்புப் பக்கத்தைத் திறக்கும். அங்கே ‘டிரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்று செல்ல வேண்டும்.

அங்குள்ள வசதிகளைக் கோப்புகளுக்கு ஆபத்து குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக முயல வேண்டும்.

முதலாவது ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. தொடக்கக் கோப்புகளைத் தானே சரிபார்க்கும். இரண்டாவது ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. அண்மைய புதுப்பிப்புக்குப் பிறகு சிக்கல் தொடங்கியிருந்தால் அதை நீக்கும். மூன்றாவது ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாக 4ஆம் எண்ணை அழுத்திச் செல்லும் பாதுகாப்பு முறை. மிகத் தேவையான பாகங்களுடன் மட்டும் விண்டோஸ் திறக்கும். திறந்துவிட்டால் முதல் வேலை, வெளிப்புற வட்டில் கோப்புகளை நகலெடுப்பது. அதன் பிறகே அண்மையில் சேர்த்த மென்பொருளை நீக்குவது. நான்காவது ‘சிஸ்டம் ரீஸ்டோர்’. கணினியின் அமைப்புகளை முந்தைய ஒரு நாளுக்குத் திருப்பும், சொந்த ஆவணங்களைத் தொடாது.

இவற்றுக்கு வெளியே ‘ரீசெட் திஸ் பிசி’ என்ற தெரிவு இருக்கும். அதற்குள் இரண்டு வழிகள். ‘கீப் மை ஃபைல்ஸ்’ ஆவணங்களை விட்டுவைத்து, சேர்த்த மென்பொருள்களையும் அமைப்புகளையும் நீக்கும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ எல்லாவற்றையும் துடைத்துவிடும். இப்போதைய கணினிகளில் உள்ள எஸ்எஸ்டி சேமிப்பகத்தில், அழித்த தரவு இருந்த இடத்தையும் கணினி காலிசெய்துவிடுகிறது. ஆகவே அங்கே அழித்ததை நிபுணராலும் மீட்பது அரிது. கோப்புகள் வேறிடத்தில் பத்திரமாக இருப்பதைக் கண்ணால் பார்க்கும் வரை அந்த இரண்டாவது தெரிவின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

48 இலக்கங்களில் இருக்கும் பூட்டு

மீட்புப் பக்கத்துக்குச் செல்லும்போது பலரைத் திகைக்க வைப்பது ‘பிட்லாக்கர்’ திரை. 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கணினி களவு போனாலும் தரவை வேறு யாரும் படிக்க முடியாதபடி விண்டோஸ் போட்டிருக்கும் பூட்டு அது. மைக்ரோசாஃப்ட் கணக்குடன் அமைக்கப்பட்ட புதிய கணினிகள் பலவற்றில், உரிமையாளர் அறியாமலேயே அது இயங்கத் தொடங்கியிருக்கும். விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு முதல் இது இன்னும் பரவலாகியுள்ளது.

இந்த எண்ணின் அருமையை 2024 ஜூலை 19ஆம் தேதி உலகமே உணர்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்தன. அந்தக் கணினிகளில் தரவு கெடவில்லை. பாதுகாப்பு முறையில் சென்று ஒரே ஒரு கோப்பை அழித்தால் போதுமாக இருந்தது. ஆனால் பிட்லாக்கர் பூட்டிய கணினிகளில், அந்த ஒரு கோப்பை அணுகவே 48 இலக்க எண் தேவைப்பட்டது.

வீட்டுக் கணினிக்கும் அதே நிலைதான். எண் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் பூட்டைத் திறந்து தர முடியாது. கணினியைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், பழைய கோப்புகள் கிடைக்கா.

எண்ணைத் தேட வேண்டிய இடம், கணினியை அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கு. திறன்பேசியில் அந்தக் கணக்கினுள் நுழைந்து சாதனங்களின் பட்டியலைத் திறந்தால் மீட்பு எண் அங்கே இருக்கும். பல எண்கள் இருந்தால், கணினித் திரையில் தெரியும் அடையாளக் குறியீட்டின் முதல் 8 எழுத்துகளுடன் ஒப்பிட்டுச் சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. அப்பாவின் கணினியை அமைத்துக் கொடுத்தவர் மகனாக இருப்பார், எண் மகனின் கணக்கில் இருக்கும். வேலையிடக் கணக்கையோ பள்ளிக் கணக்கையோ சேர்த்திருந்தால் எண் அந்த நிறுவனத்திடம் இருக்கலாம். ‘எனக்கு அப்படியொன்று இல்லை’ என்று முடிவுகட்டுவதற்குமுன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும்.

தாய்ப்பலகையை மாற்றினாலும், அடிப்படை அமைப்புகளைத் திருத்தினாலும், நாணய பேட்டரியைக் கழற்றினாலும்கூட இந்தத் திரை வரக்கூடும். அவற்றில் கைவைக்குமுன் எண் கையில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் இல்லாமலே கோப்புகளை எடுப்பது

மீட்புப் பக்கமும் கைகொடுக்கவில்லை என்றால் வேறு இரு வழிகள் உள்ளன.

ஒன்று, லினக்ஸ் யூஎஸ்பி. நண்பரின் கணினியில் உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தைப் பதிவிறக்கி, 16 கிகாபைட் விரலி ஒன்றில் தொடக்க வட்டாக எழுதிக்கொள்ள வேண்டும். பழுதான கணினியை அந்த விரலியிலிருந்து தொடங்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் தெரிவை எடுத்தால், சேமிப்பகம் ஒரு கோப்புறையாகத் தெரியும். ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறையில் குடும்பத்தினரின் ஆவணங்களும் படங்களும் இருக்கும். அவற்றை வெளிப்புற வட்டுக்கு நகலெடுக்கலாம். நிறுவும் பொத்தானை மட்டும் அழுத்தக்கூடாது.

மற்றொன்று, சேமிப்பகத்தைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் பொருத்தி இன்னொரு கணினியில் இணைப்பது. சேமிப்பகத்தின் வகைக்கு ஏற்ற பெட்டியாக இருக்க வேண்டும். மெலிதான மடிக்கணினிகள் சிலவற்றிலும் அண்மைய மேக்புக்குகளிலும் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அங்கே இது முடியாது. இரண்டு வழிகளிலும், பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க எண் தேவைப்படும்.

மேக் கணினி என்றால்

ஆப்பிள் சில்லு உள்ள மேக்கில் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் தொடக்கத் தெரிவுகள் வரும். இன்டெல் சில்லு உள்ள பழைய மேக்கில், தொடங்கும்போது கமாண்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ‘டிஸ்க் யூட்டிலிட்டி’யில் உள்ள ‘ஃபர்ஸ்ட் எய்டு’ முதலில் முயலத்தக்கது. அதன் அருகிலுள்ள ‘இரேஸ்’ அனைத்தையும் அழிக்கும்.

ஆப்பிள் சில்லு உள்ள மேக் அறவே எழாவிட்டால் இன்னொரு மேக்குடன் இணைத்து உயிர்ப்பிக்கும் வழியும் உண்டு. அதில் ‘ரிவைவ்’ தரவைத் தொடாது, ‘ரீஸ்டோர்’ துடைத்துவிடும். சேவை நிலையத்திடம் ‘ரிவைவ்’ முயன்றாயிற்றா என்று கேட்பது பயனுள்ளது.

கடைக்குக் கொண்டுபோகும்போது

சிம் லிம் ஸ்குவேர், கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா அல்லது வட்டாரக் கடை என எங்கே கொடுத்தாலும், முதலில் சொல்ல வேண்டியது தரவு தேவையா இல்லையா என்பது. ‘அனுமதியின்றி எதையும் அழிக்கக்கூடாது’ என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சோதனைக் கட்டணம் எவ்வளவு, பழுது பார்க்க வேண்டாம் என்றால் அது திரும்பக் கிடைக்குமா, கழற்றிய பழைய பாகம் தரப்படுமா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

அண்மையில் வாங்கிய கணினி என்றால் கைக்காசு செலவழிக்குமுன் உத்தரவாதத்தைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டத்தின்படி, பொருளைப் பெற்ற 6 மாதங்களுக்குள் தெரியவரும் குறை, வாங்கியபோதே இருந்ததாகவே பொதுவாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்பனையாளரின் பொறுப்பு. இணக்கம் ஏற்படாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தையும், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தையும் நாடலாம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கணினி முடங்கியதாகச் சொல்லி, தொலைபேசி எண்ணுடன் திரையை நிறைக்கும் அறிவிப்பு வந்தால் அது மோசடி. விண்டோஸின் உண்மையான பிழைத் திரையில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் இருக்காது. சந்தேகம் இருந்தால் சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 என்ற எண்ணை அழைக்கலாம்.

கணினி நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டியவை

கணினி மீண்டு வந்த அன்றே செய்துவிட வேண்டிய வேலைகள் சில.

பிட்லாக்கர் மீட்பு எண்ணைத் தாளில் அச்சிட்டு, கடப்பிதழ் வைக்கும் இடத்தில் வைக்கலாம். அதைக் கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பதால் பயனில்லை. 8 கிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட விரலியில் விண்டோஸ் நிறுவல் வட்டு ஒன்றை மைக்ரோசாஃப்ட் இணையத்தளத்திலிருந்து இலவசமாக உருவாக்கி வைக்கலாம்.

முக்கியக் கோப்புகளுக்கு மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது தொழில்நுட்பர்கள் பின்பற்றும் வழக்கம். வீட்டைப் பொறுத்தவரை கணினி, வெளிப்புற வட்டு, இணையச் சேமிப்பகம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அது நிறைவேறிவிடும். நகலெடுத்ததும் வட்டைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியபடியே இருந்தால் மின்னல் தாக்கினாலும் நச்சுநிரல் புகுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. இன்னும் அதையே பயன்படுத்துவோர், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை நகலெடுத்து, விண்டோஸ் 11க்கு மாற முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்துக்கும் ஒரு மாலைப்பொழுது போதும். அதைச் செய்துவைத்த வீட்டில் கணினி ஒருநாள் எழ மறுத்தாலும், பிள்ளையின் ஒப்படைப்பு மறுநாள் காலை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.